‘பார்த்துப் போ’ என்பது எங்களுக்கு மட்டும்தானா?



போன மாதச் சுவர் இதழில் மரம் வளர்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். நிறைய பேர் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இந்த மாதம் தூரத்து விஷயம் எதுவும் வேண்டாம், நம்ம பள்ளிக்கூட வாசலைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன். காரணம் என் தம்பியின் செருப்பு.

என் தம்பி மூன்றாம் வகுப்பு. அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறார். காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட், வீடு திரும்பப் பத்து மணி ஆகும். அதனால் தம்பியைப் பள்ளிக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. தினமும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையைக் கடந்துதான் வரவேண்டும்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. மணி ஒன்பதாகிவிட்டது. பிரேயருக்கு நேரமாச்சு என்று அவசரம். கோடு போட்ட இடம் தள்ளி இருக்கிறது. அதனால் சென்டர் மீடியன் இடைவெளி வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நடுச் சாலையில் அவன் செருப்பு கழன்றுவிட்டது. புதுச் செருப்பு. “அக்கா, செருப்பு!” என்று கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடினான். எம் சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்தது. பிரேக் போட்ட சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. லாரி நின்றபோது தம்பிக்கும் அதற்கும் நடுவில் ஒரு பெஞ்சு நீளம்தான் இருந்தது. செருப்பு டயருக்கு அடியில். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்களே, எங்களுக்குச் செருப்போடு போச்சு.

டிரைவர் இறங்கி வந்து திட்டினார். அவர் கையும் நடுங்கியதை நான் பார்த்தேன்.

தப்பு என் மேலும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். கோடு போட்ட இடத்தில் கடந்திருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: “பார்த்துப் போம்மா.” ஆயா சொன்னாங்க, பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க, டீச்சரும் சொன்னாங்க. சரி, பார்த்துப் போகிறேன். ஆனால் எட்டு வயசுப் பையன் புதுச் செருப்பு கழன்றால் திரும்பத்தான் செய்வான். அவனைத் திருத்துவது சுலபமா, சாலையைத் திருத்துவது சுலபமா? என் கேள்வி இதுதான்.

முடிச்சூர் சொல்லும் பாடம்

நம்ம ஊரிலிருந்து தாம்பரம் போகிற வழியில் முடிச்சூர் இருக்கிறது அல்லவா? 2012 ஜூலை 25 அன்று அங்கே ஒரு கொடுமை நடந்தது. அப்போது நான் கைக்குழந்தை. அம்மா சொல்லித்தான் தெரியும். பள்ளி முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி, பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். தமிழ்நாடே அழுதது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருடமே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கு என்று தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டு வந்தது. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி, வருடா வருடம் அதிகாரிகள் சோதனை என்பதெல்லாம் அதில் உண்டு. மே மாதம் மைதானத்தில் வேன்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதைப் பேப்பரில் போடுகிறார்களே, அதுதான் இது.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பகுதியில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இன்னொரு இரண்டாம் வகுப்பு மாணவன் இறந்தான். அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களில் கேமராவும் சென்சாரும் வைக்க விதி வந்தது.

இந்த விதிகள் எல்லாம் மிக நல்லவை. ஆனால் இவை யாருக்கு? பஸ்ஸில், வேனில் போகும் பிள்ளைகளுக்கு. நம்மில் எத்தனை பேர் வேனில் வருகிறோம்? நான் எங்கள் வகுப்பில் எண்ணிப் பார்த்தேன். 42 பேரில் 23 பேர் நடந்து வருகிறோம். 11 பேர் அரசு பஸ். 5 பேர் ஷேர் ஆட்டோ. மூன்று பேரை அப்பாவோ மாமாவோ பைக்கில் கொண்டு வந்து விடுகிறார்கள். வேன் ஒருவரும் இல்லை. வேனுக்கு வருடத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. நாம் நடக்கிற சாலையை யார் சோதிப்பார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே கார்களுக்குள் பொம்மை மனிதர்களை உட்கார வைத்து, மோத விட்டு, எவ்வளவு அடிபடும் என்று பார்க்கிறார்கள். உள்ளே பொம்மைக்கு அடிபடுவதைக்கூட அளந்து பார்க்கிறார்கள். வெளியே அதே வண்டிகள் ஓடும் சாலையில் நம்மைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்கு

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கச் சமன்பாடுகள் படித்தோம். அதை வைத்து நானும் என் தோழியும் ஒரு கணக்குப் போட்டோம். சார் சரிபார்த்துத் தந்தார்.

ஒரு வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதாவது நொடிக்கு சுமார் 16.7 மீட்டர். டிரைவர் நம்மைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியிலேயே வண்டி 16.7 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு வேகம் ஒவ்வொரு நொடிக்கும் 5 மீ/வி குறைகிறது என்றால், நிற்பதற்கு இன்னும் 27.8 மீட்டர் வேண்டும். மொத்தம் சுமார் 45 மீட்டர்.

அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் வந்தால்? மொத்தமே சுமார் 15 மீட்டர்தான்!

வேகம் பாதியானால் நிற்கிற தூரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. டேப் வைத்து மைதானத்தில் அளந்தோம். 15 மீட்டர் என்றால் கேட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும். 45 மீட்டர் என்றால் கொடிக்கம்பத்தையும் தாண்டி ஆறாம் வகுப்பு வாசல் வரைக்கும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதைவிட அதிகமாகவே ஆகும் என்று சார் சொன்னார். நீங்களும் ஒரு முறை நடந்து பாருங்கள். அப்புறம் யாரும் ஓடிக் கடக்க மாட்டீர்கள்.

மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் வேகம் 30 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 2020 பிப்ரவரியில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் பல நாட்டு அமைச்சர்கள் கூடியபோதும் இதையே வலியுறுத்தினார்கள்.

பெரியப்பா சொன்னது

என் பெரியப்பா டிரெய்லர் ஓட்டுகிறார். கார்களை ஏற்றி எண்ணூர் துறைமுகத்துக்குக் கொண்டு போவார். அவரிடம், “ஏன் பெரியப்பா, லாரிக்காரங்க எங்களைப் பார்க்கவே மாட்டேங்கறாங்க?” என்று கோபமாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு நாள் கேபினில் ஏற்றி உட்கார வைத்தார். தம்பியை வண்டிக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னார். எனக்கு அவன் தலைகூடத் தெரியவில்லை!

“பாத்தியா பாப்பா? நாங்க பாக்க மாட்டோம்னு இல்ல. எங்களுக்குத் தெரியவே தெரியாது. இடது பக்கமும் அப்படித்தான். டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமா வாங்கிட்டு வரும். அந்த ஓரத்துல சைக்கிள்ல யாரும் நிக்கக் கூடாது” என்றார்.

இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நம்ம சாலையில் நடக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு போனால் அரசாங்கம் நமக்கு விலையில்லா சைக்கிள் தருகிறது. அந்தச் சைக்கிளை நாம் இந்த டிரெய்லர்களுக்குப் பக்கத்தில்தான் ஓட்டப்போகிறோம்.

லாரியே வேண்டாம் என்கிறேனா?

இல்லை. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலைகள் திறந்தன. நம்மில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பக்கத்துக் கம்பெனி வேலையால்தான். என் அம்மாவின் சம்பளமும் அதுதான், பெரியப்பாவின் சம்பளமும் அதுதான். லாரி ஓடட்டும். பள்ளி வாசலில் மட்டும் மெதுவாக ஓடட்டும். ஒரு அரை கிலோமீட்டரை 60க்குப் பதில் 30இல் கடந்தால் அரை நிமிடம்தான் அதிகம். அதையும் கணக்குப் போட்டுவிட்டேன்.

“ஸ்பீட் பிரேக்கர் போட்டால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? ராத்திரியில் பைக்காரங்க விழுவாங்களே?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெயிண்ட் அடிக்காத, முன்னால் போர்டு இல்லாத வேகத்தடையே ஆளைக் கொல்லும். அதனால் ஊர்க்காரர்களே இரவோடு இரவாக மண்ணைக் கொட்டி மேடு போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நெடுஞ்சாலைத் துறைதான் அளவாக, கோடு போட்டு, போர்டு வைத்துச் செய்ய வேண்டும்.

என் யோசனைகள்

1. நம்ம பள்ளிக்கு இரண்டு பக்கமும் ‘பள்ளி உள்ளது’ என்ற முக்கோணப் பலகையும், 30 கி.மீ. வேகப் பலகையும், தெளிவான ஜீப்ரா கோடும் வேண்டும். கோடு நாம் உண்மையாகவே கடக்கிற இடத்தில் இருக்க வேண்டும். தூரத்தில் போட்டுவிட்டு ‘ஏன் அங்கே போகலை’ என்றால் யாரும் போக மாட்டார்கள். நானே போகவில்லையே!

2. காலை 8.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 5 வரை ஒரு காவலர் அல்லது ஊர்க்காவல் படையினர் நின்றால் போதும்.

3. ஷேர் ஆட்டோக்கள் கேட்டை ஒட்டி நிற்கக் கூடாது. அவை மறைப்பதால்தான் நாம் வண்டியையும், வண்டி நம்மையும் பார்க்க முடிவதில்லை.

4. இது நம் பள்ளியே செய்யக் கூடியது. மாலையில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பத்து நிமிடம் முன்னால் விடலாம். ஒரே பெல்லில் எல்லோரும் கேட்டுக்கு ஓடும் தள்ளுமுள்ளு இருக்காது.

5. இது நாமே செய்யக் கூடியது. ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, பெரிய பிள்ளைகளோடு கூட்டமாக நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். நாமும் தெருவுக்குத் தெரு சேர்ந்து வரலாம். தனி ஆள் தெரிய மாட்டான், கூட்டம் தெரியும். சென்னையில் பல பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புப் படை மாணவர்கள் இருக்கிறார்கள். இங்கே நம்ம ஜே.ஆர்.சி. மாணவர்கள் அதைச் செய்யலாமே?

அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. பைக் ஓட்டிக்கொண்டு வந்து பெட்டிக்கடைப் பக்கம் மறைத்து வைப்பது யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பேர் எழுத மாட்டேன், பயப்படாதீங்க! 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் ஓட்டித் தப்பு செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஜெயிலுக்குப் போவது நீங்க இல்ல, உங்க அப்பா.

கடைசியாக

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 49 பேர். எங்கள் முழு வகுப்பையும்விட அதிகம். தினமும் ஒரு வகுப்பறை காலியாவதாக நினைத்துப் பாருங்கள்.

செருப்புச் சம்பவத்துக்குப் பிறகு, “நான் வேலையை விட்டுடறேன், நானே கொண்டுபோய் விடறேன்” என்று அம்மா அழுதார். வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? ஆயாவோ, தம்பியை வேன் வருகிற பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறார். அந்த ஃபீஸுக்கு எங்கே போவது? பள்ளி வாசலில் ஒரு கோடும் ஒரு பலகையும் இருந்தால் என் அம்மா நிம்மதியாக வேலைக்குப் போவார். என் தம்பி இந்தப் பள்ளியிலேயே படிப்பான். நான் கேட்பது அவ்வளவுதான்.

நம்ம சாலை மாநில நெடுஞ்சாலை. ஊராட்சி தானாக எதையும் போட முடியாது. ஆனால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். அதற்காக இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். ஹெச்.எம். டீச்சரிடம் அனுமதி வாங்கியாச்சு. உங்கள் பெயர், வகுப்பு, நீங்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுப்போம். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. தயவுசெய்து பேனாவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்!

முதல் பெயர் நான் எழுதிவிட்டேன். இரண்டாவது என் தம்பி. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

நாங்கள் பார்த்துப் போகிறோம். நீங்களும் எங்களைப் பார்த்துப் போங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி,
படப்பை.