நகரும் புள்ளியும் நிறுவலும்

வடிவியல் பாடத்தில் கணினிக்குரிய இடம் குறித்த கல்விப்புல ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. 1980களின் பிற்பகுதியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் உருவான காப்ரியும், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தம் முதுநிலை ஆய்வாகத் தொடங்கிய ஜியோஜீப்ராவும் 'இயங்கு வடிவியல்' மென்பொருள்கள் எனப்படுகின்றன. அதாவது, திரையில் வரைந்த முக்கோணத்தின் ஓர் உச்சியை மவுஸால் பிடித்து இழுத்தால், அதனோடு பிணைந்த கோடுகளும் கோணங்களும், வரையும்போது விதித்த உறவு குலையாமல் உடன் நகரும். தமிழ்நாட்டின் 2018ஆம் ஆண்டுப் புதிய பாடநூல்கள் ஜியோஜீப்ராவை 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் சேர்த்துக்கொண்டன. அரசுப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்துள்ளன. ஆயினும் அங்கே புள்ளியை இழுப்பது யாருடைய கை என்ற கேள்வியைப் பொறுத்தே கற்றல் அமைகிறது.

ஒன்பதாம் வகுப்பில் வரும் செங்கோட்டு மையத்தை எடுத்துக்கொள்ளலாம். முக்கோணத்தின் மூன்று உச்சிகளிலிருந்தும் எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி அது. கவராயமும் மூலைமட்டமும் கொண்டு நோட்டில் குறுங்கோண முக்கோணங்களை மட்டுமே வரைந்து பழகிய மாணவி, அம்மையம் எப்போதும் உள்ளேதான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. திரையில் ஓர் உச்சியை அவளே மெல்ல இழுக்கும்போது, அங்குள்ள கோணம் செங்கோணமாகும் கணத்தில் மையம் அந்த உச்சியிலேயே வந்து அமர்ந்து, கோணம் மேலும் விரிந்ததும் முக்கோணத்தை விட்டு வெளியேறுகிறது. ஏன் வெளியேறியது என்று அவள் கேட்பதில்தான் வடிவியல் தொடங்குகிறது. ஆசிரியர் புரொஜெக்டரில் இழுத்துக் காட்ட வகுப்பு பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கேள்வி பெரும்பாலும் பிறப்பதில்லை.

இத்தாலியின் அர்சரெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர் புள்ளியை இழுக்கும் விதங்களையே வகைப்படுத்தியது: எதையும் குறிக்கொள்ளாமல் அலையவிடுவது ஒன்று, ஒரு பண்பு குலையாதபடி கவனித்து இழுப்பது மற்றொன்று, ஊகித்த முடிவைச் சோதிக்க இழுப்பது வேறொன்று. தென்னாப்பிரிக்காவின் மைக்கேல் டி வில்லியர்ஸ் வலியுறுத்துவது இதனினும் முக்கியமானது. திரையில் நூறு முறை கண்டபின் மாணவருக்கு ஐயமே எஞ்சாது என்பதால், உண்மைதானா என்று உறுதிசெய்வதற்காக அன்றி, அது ஏன் உண்மை என்று விளக்குவதற்காகவே நிறுவல் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் நிலை. தேர்வுக்காகத் தேற்றங்களை மனப்பாடம் செய்யும் வகுப்பறைகள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இவ்வாறு மாணவரே இழுத்துப் பார்த்துக் கேள்வி எழுப்புவதற்கான பாடப்பொருள் திருவண்ணாமலையில் ஊரைச் சுற்றியே கிடக்கிறது. ராஜகோபுரத்துக்கு அருகிலுள்ள இந்திர லிங்கம் முதல் வடகிழக்கின் ஈசானிய லிங்கம் வரை, எட்டுத் திசைக்கும் உரிய லிங்கங்கள் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் அமைந்துள்ளன. பாதையின் வரைபடத்தை ஜியோஜீப்ராவில் ஏற்றி, எட்டு இடங்களையும் புள்ளிகளாகக் குறித்து, ஏதேனும் மூன்றைத் தெரிந்து அவற்றின் வழியே வட்டம் வரைந்தால், ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரே ஒரு வட்டத்தைத்தான் தரும் என்ற தேற்றம் தாம் நடந்த பாதையிலேயே மாணவருக்குத் தென்படும். எட்டில் மும்மூன்றாக 56 வகையில் தெரியலாம். தெரிவு மாற, மையமும் ஆரமும் மாறும். 14 கி.மீ. சுற்றளவுள்ள சீரான வட்டத்துக்கு ஆரம் ஏறத்தாழ 2.2 கி.மீ. என்ற கணக்கை அவற்றோடு ஒப்பிட்டால், கிரிவலப் பாதை வட்டத்திலிருந்து எங்கே, எவ்வளவு விலகுகிறது என்பதை அளந்தே சொல்லிவிடலாம்.

கிரிவலப் பாதையைப் போலவே வாசற்கோலமும் பாடமாகலாம்; அதற்கும் கணினிக்குமான உறவு தமிழ்நாட்டில் புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் 1974இல் வெளியிட்ட கட்டுரை, புள்ளிக் கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினி இலக்கணமாக வகுத்து, வடிவமொழிகள் என்ற ஆய்வுத்துறையில் பெயர்பெற்றது. அது ஆங்கில ஆய்விதழில் வந்தது. அதன் சாரத்தைப் பள்ளி ஆசிரியர் கையாளும் தமிழில், வகுப்பில் செய்துபார்க்கும் பாடமாக எழுதும் பணி காத்திருக்கிறது. கிரிவலப் பாதையையோ வாசற்கோலத்தையோ கொண்டு இம்மாவட்டத்தின் கணித ஆசிரியர்கள் நடத்திப்பார்த்த பாடங்களின் குறிப்புகளை, மாணவர் இடறிய இடங்களையும் மறைக்காமல் எழுதியனுப்பினால், வரும் இதழ்களில் அவற்றுக்கு முன்பக்கங்கள் ஒதுக்கப்படும்.