கைப்பேசிச் செய்தியும் ஒரு தாயாரின் மாத்திரையும்

சென்ற ஆண்டு புறநோயாளர் பிரிவில் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவருடைய தாயார் கிரேவ்ஸ் நோய்க்காக நான்கு மாதங்களாகக் கார்பிமசோல் உட்கொண்டு வந்தார். தைராய்டு எதிர்ப்பு மருந்துகள் அட்ரீனல் சுரப்பியின் உயிரணுக்களைச் சுருக்கிவிடுகின்றன என்றும், எலிகளில் இது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றும் யாரோ அனுப்பிய செய்தி கூறியது. "இது உண்மையா டாக்டர்?" என்று கேட்டார். வெளியே வரிசை நீண்டிருந்தது. "அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி, மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வாரங்களில் அந்த அம்மையார் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். நாடி 150-ஐத் தாண்டி ஒழுங்கின்றி ஓடியது. காய்ச்சல், நடுக்கம், மூச்சிரைப்பு. நான் சொல்லி அனுப்பிய அன்றே வீட்டில் மாத்திரை நிறுத்தப்பட்டிருந்தது.

பிழை அம்மகனுடையது என்று கூற எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் கேட்டது முறையான கேள்வி. நான் கொடுத்தது விடையன்று. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம்: அச்செய்தி முழுப் பொய்யன்று. இம்மருந்துகளே எலிகளிடமிருந்து நமக்குக் கிடைத்தவைதாம். 1940-களின் தொடக்கத்தில் பால்டிமோரில் மெக்கன்சி இணையர் வேறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சல்ஃபாகுவானிடின் கொடுக்கப்பட்ட எலிகளின் தைராய்டு வீங்குவதைக் கண்டனர். அதன் வழியே 1943-இல் பாஸ்டனில் ஆஸ்ட்வுட் என்னும் மருத்துவர் தயோயூரசிலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அதே பத்தாண்டில்தான், தயோயூரசில் உண்ட எலிகளின் அட்ரீனல் சுரப்பி எடை குறைவதும் பதிவாயிற்று.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இச்சுரப்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து கிராம் எடையே உடையது. அதன் புறணியில் மூன்று அடுக்குகள் உள்ளன. நடு அடுக்கின் உயிரணுக்கள் கொழுப்புத் துளிகளால் நிறைந்தவை. அக்கொழுப்பிலிருந்தே கார்டிசால் உருவாகிறது. மருந்துண்ட எலிகளில் இவ்வணுக்கள் சிறுத்தன, புறணியும் மெலிந்தது.

ஆனால், அச்செய்தியில் இல்லாத செய்தி ஒன்றுண்டு. மருந்தே கொடாமல், அறுவை மூலம் தைராய்டை மட்டும் நீக்கிய எலிகளிலும் அட்ரீனல் சுருங்கியது. அதற்கு மாறாகத் தைராக்சினை மிகுதியாகக் கொடுத்தபோது அது பருத்தது. எனவே அச்சுருக்கத்தை நச்சின் வேலை என்று கொள்வதினும், தைராய்டு நீர் குறைந்ததன் விளைவு என்று கொள்வதே பொருந்தும். பந்தி முடிந்த பின் கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பில் விறகைக் குறைப்பதில்லையா, அதுபோல்தான். எலிகளுக்குக் கொடுத்த அளவோ, உடல் எடைக்கு ஒப்பிட, நாம் உட்கொள்வதைப் போல் பன்மடங்கு.

மனிதரிடத்தில் கதை இன்னும் தெளிவு. தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது உடல் கார்டிசாலை விரைவாகச் சிதைக்கிறது. அதை ஈடுசெய்ய அட்ரீனல் கூடுதலாக உழைக்கிறது. கார்பிமசோல் அந்தச் சுமையை இறக்கிவைக்கிறது. அந்த அம்மையாரின் அட்ரீனலைக் களைப்படையச் செய்தது நோயே. மாத்திரையை நிறுத்தியது அதன் சுமையை ஏற்றியது.

அளவு மிஞ்சினால் தைராய்டு நீர் மிகவும் குறைந்துவிடும் என்பதும் மெய்யே. அதற்காகத்தான் தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை கேட்கிறோம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் வாங்குவோர் இங்குதான் தவறுகிறார்கள்.

கார்பிமசோலில் அஞ்ச வேண்டியது வேறு. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், இரத்த வெள்ளணுக்கள் திடீரெனக் குறையும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்கு வந்து அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கருவுறும் எண்ணமுள்ள பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இவற்றைப் பற்றி எந்தக் கைப்பேசிச் செய்தியும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அட்ரீனலைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டின்றி வாங்கி விழுங்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள், மாதக்கணக்கில் தொடர்ந்தால், மனிதரின் அட்ரீனலை மெய்யாகவே சுருக்கக்கூடியவை. அவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கார்பிமசோலைக் கண்டு நடுங்கும் வீடுகளிலேயே இம்மாத்திரைகள் அஞ்சறைப்பெட்டிக்கு அருகில் இருப்பதைப் பலமுறை கேட்டறிந்திருக்கிறேன். மற்றொன்று: கிரேவ்ஸ் நோயர்களில் வெகு சிலருக்கு அட்ரீனலைத் தாக்கும் அடிசன் நோயும் சேர்ந்து வரலாம். தோல் கறுத்தல், எழுந்து நிற்கையில் தலைசுற்றல், உப்பின்மேல் தீராத விருப்பம் ஆகியவை இருப்பின் மறவாமல் சொல்லுங்கள். அதற்குக் காரணம் மாத்திரையன்று; ஆயினும் அதற்கும் மருத்துவம் தேவை.

என் சக மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளியின் வீட்டார் கொண்டுவரும் செய்தியை வாசிக்காமலே தள்ளாதீர்கள். அதில் பாதி உண்மை இருக்கும்போது "ஒன்றுமில்லை" என்றால், மறு பாதியையும் அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அந்த அம்மையார் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். அதற்கு முன், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் இரண்டு சுரப்பிகளையும் வரைந்து, மகனுக்கு மேலே எழுதியவற்றை விளக்கினேன். பத்து நிமிடங்கள் ஆயின. இப்போது மாதந்தோறும் பரிசோதனைத் தாளுடன் இருவரும் வருகிறார்கள். மகன் இன்னும் கைப்பேசியில் ஏதேனும் ஒரு செய்தியைக் காட்டத்தான் செய்கிறார்.