பள்ளி வாசல் வரை வழி வேண்டும்

ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்குச் சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டுச் சட்டமே பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்றது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம்.

அப்படியானால் காஞ்சிரங்குளம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் கூலிவேலை செய்து பிழைக்கும் குடும்பங்களுக்குத் தடை எது? கட்டணம் அல்ல, வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை உள்ள தூரம்தான் என்பது என் கருத்து. நடக்க இயலாத பிள்ளையை ஒருவர் தூக்கிச் செல்ல வேண்டும். காலையில் விட்டு மாலையில் அழைத்துவர வேண்டும். அவர் பெரும்பாலும் தாய்தான். அன்றைய கூலி போய்விடும். ஆட்டோ வைத்தால் கூலி அதற்கே சரியாகிவிடும். அரசுத் திட்டத்தில் போக்குவரத்துப் படியும் துணையாள் படியும் உண்டு; ஆனால் அவை ஒரு நாள் கூலிக்கு ஈடாவதில்லை. இதை அறியாமல், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேசுவது நியாயமல்ல.

நல்ல முன்மாதிரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கேரளத்தின் முதல் ‘பட்ஸ்’ பள்ளி 2004இல் வெங்கானூர் பஞ்சாயத்தில்தான் தொடங்கியது. குடும்பஸ்ரீயின் துணையோடு பஞ்சாயத்துகள் நடத்தும் இத்தகைய நிலையங்கள் இன்று 300க்கும் மேல்.

அதே வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. 1910இல் பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அன்று வாசலை அடைத்தது சாதி. இன்று வாசல் திறந்திருக்கிறது. போய்ச் சேரத்தான் வழியில்லை. பிள்ளை வெளியே நிற்பது மட்டும் மாறவில்லை.

ரயில்வேயில் சிவில் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சக்கர நாற்காலிக்கான சரிவு 1க்கு 12. அதாவது ஓரடி உயரத் திண்ணைக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்தால், தாயால் நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாது. இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது. ஏட்டில் சரிவுப் பாதை இருக்கும், பிள்ளைக்கு இருக்காது. எஞ்சினும் பெட்டியும் தயாராக இருந்தாலும் நடுவில் பாலம் இல்லையென்றால் வண்டி அக்கரை போகுமா?

“ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்கிறாரே” என்று சிலர் கேட்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். மற்றவர்களுக்கு அது பள்ளியாகாது. கூட விளையாட, சண்டை போட, சேர்ந்து சாப்பிடத் தோழர்கள் வேண்டாமா?

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழியும் ஒரு சிக்கல். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை சொல்வது ஆசிரியருக்குப் புரியாவிட்டால், அதற்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட நேரும். பரிசோதனை நாளில் இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் போனால் போதும், இந்தத் தவறைத் தவிர்க்கலாம். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

நம் சங்கங்கள் ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு தருகின்றன. மகிழ்ச்சி. அதோடு, பள்ளிக்கே போகாத பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று ஒரு கணக்கெடுப்போம். நாலைந்து ஊருக்கு ஒரு வேன், அதில் ஒரு ஆயா. பஞ்சாயத்திடம் கேட்போம், கிடைக்கும்வரை செலவை நாம் பகிர்ந்துகொள்வோம். அந்தத் தாய்மார் கூலியை இழக்காமல் வேலைக்குப் போகட்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும்.