இல்லாத பிரேமுக்கு யார் சாட்சி?



கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலை நிகழ்ச்சிகளை வீடியோ எடுத்து முகநூலில் போடும் ஆசிரியர்களும், எடிட் பண்ணும் பொடியன்களும் நேரமெடுத்து வாசியுங்கள். இம்முறை இல்ல விளையாட்டுப் போட்டியில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அதை மூடி வைக்காமல் எழுதுகிறோம்.

கிரானில் படிப்பிக்கும் எங்களில் மூன்று பேர்தான் பாடசாலையின் வீடியோ வேலைகளைப் பார்க்கிறோம். ஓட்டமாவடிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவரும் உண்டு, புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் வள்ளத்தில் வருகிறவரும் உண்டு. யாரும் ஊடகம் படித்ததில்லை. ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் துணைச்சாதனம் என்றால் எங்களுக்கு பிரிஸ்டல் போர்ட்டும் மார்க்கர் பேனையும்தான். 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கி, விழுந்து எழும்பிப் பழகியதுதான் இந்த எடிட்டிங்.

நடந்தது இதுதான். பெண்பிள்ளைகளின் 100 மீற்றர். சிவப்பு இல்லப் பிள்ளையும் நீல இல்லப் பிள்ளையும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். கோட்டுக்கு நேரே இருந்த நடுவர்கள் சிவப்பு முதலாவது என்றார்கள். மைதானத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. இரவு நாங்கள் அந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதியை எடுத்து, வேகத்தை 20 வீதமாகக் குறைத்து, பின்னால் இசை போட்டு முகநூலில் ஏற்றினோம். அந்த வீடியோவில் நீலம் முன்னுக்குத் தெரிந்தது.

விடியும்போது கருத்துகள் நிரம்பி வழிந்தன. 'நடுவருக்குக் கண் தெரியாதா?' என்பதுதான் அதில் மரியாதையானது. சிவப்பு இல்லப் பிள்ளையின் உம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இல்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். மகள் ஓடியதை அவர் பார்த்ததே எங்கள் வீடியோவில்தான். கீழே இருந்ததையும் சேர்த்தே வாசித்திருப்பார். பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப நான் முதலாவதா வரல்லியா சேர்?"

பதில் சொல்ல முன்னர் மடிகணினியைத் திறந்து, எடுத்த வீடியோவை ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்தோம். ஒரு பிரேமில் இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம். அடுத்த பிரேமில் இருவரும் அந்தப் பக்கம். இடையில் என்ன நடந்தது என்று எங்கள் கமராவுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் போட்ட ஸ்லோமோஷன் அந்த இடைவெளியையும் தெளிவாகக் காட்டியது. எங்கிருந்து வந்தது அது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் போன் செக்கனுக்கு 30 பிரேம் எடுத்தது. மென்பொருளில் புரொஜெக்டை 25 பிரேமில் வைத்திருந்தோம். 20 வீத வேகம் என்றால் ஒரு செக்கன் ஓட்டம் ஐந்து செக்கனாக நீளும். அதற்கு 125 பிரேம் வேண்டும். கையில் இருந்தது 30. மிச்சம் ஆகக்குறைந்தது 95 பிரேமை மென்பொருளே உண்டாக்கியது.

அது உண்டாக்கும் விதம் மூன்று. ஒன்று, இருந்த பிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். படம் வெட்டி வெட்டி ஓடும். இரண்டு, இரண்டு பிரேம்களை ஒன்றின்மேல் ஒன்று கலக்கும். பேய் போல இரட்டை உருவம் தெரியும். மூன்று, ஒப்டிகல் ஃப்ளோ. ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகித்துப் புதுப் படம் வரையும். பார்க்க வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் தெரிவு செய்தது இதைத்தான். இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் மறைத்து ஓடும் இடத்தில், யாருடைய தோள் எது என்று அதற்குத் தெரியாது. ஒருவரின் நெஞ்சை மற்றவரின் இலக்கத்துணியோடு இழுத்து ஒட்டிவிட்டது. அந்த ஒட்டுத்தான் ஊரெல்லாம் 'ஆதாரம்' என்று பகிரப்பட்டது.

இன்னொரு பிழையும் எங்களுடையது. கமராவைக் கோட்டுக்கு நேரே வைக்கவில்லை, சில மீற்றர் தள்ளிச் சரிவாக நின்று எடுத்தோம். அப்படி எடுத்தால் எந்தப் பாதையில் ஓடுகிறவர் முன்னுக்குத் தெரிவார் என்பதை நாம் நிற்கும் இடமே தீர்மானித்துவிடும். போதாததற்கு, நிறைவு கணிக்கப்படுவது தலையாலோ கையாலோ அல்ல, உடற்பகுதி கோட்டைத் தொடுவதால். கருத்துப் போட்டவர்கள் பார்த்தது நீட்டிய கையை.

எங்கள் நாட்டுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. 2000 சிட்னி ஒலிம்பிக், பெண்கள் 200 மீற்றர். சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன். அவருக்கு முன்னால் வந்த பஹாமாஸ் வீராங்கனை 22.27. வித்தியாசம் 0.01 செக்கன். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தால் பதக்கத்தை இழந்த பின்னர்தான் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. 30 பிரேம் எடுக்கும் போனில் இரண்டு பிரேமுக்கு இடையில் 0.033 செக்கன். அந்த இடைவெளிக்குள் சுசந்திகாவின் வித்தியாசம் மூன்று தடவை ஒளிந்துகொள்ளும். செக்கனுக்கு 7 மீற்றர் ஓடும் எங்கள் பிள்ளை அதற்குள் 23 சென்றிமீற்றர் கடந்துவிடும். அதனால்தான் பெரிய போட்டிகளில் கோட்டை மட்டும் செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் பதியும் தனிக் கமரா வைக்கிறார்கள்.

ஸ்லோமோஷனைக் கண்டுபிடித்தவர் ஒஸ்திரியாவின் ஒகஸ்ட் முஸ்கர், பாதிரியார். 1904இல் காப்புரிமை பெற்றார். அவருடைய வழி எளிது: வேகமாக எடு, வழமையான வேகத்தில் காட்டு. அதாவது மெதுவை எடுக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு இழுத்தால் வருவது மெதுவல்ல, கற்பனை. எங்களுடைய கருத்து இதுதான்: எடிட்டில் இழுத்த ஸ்லோமோஷன் அழகுக்கு மட்டும். தீர்ப்புக்கு ஆகாது. அதைத் தீர்ப்புக்குப் பயன்படுத்துகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார்.

இனி வேலை செய்கிறவர்களுக்கு, நாங்கள் அடிபட்டுப் படித்தவை.

எடுக்கும்போது: போனில் 120 அல்லது 240 பிரேம் தெரிவு இருந்தால் ஓட்டத்தை அதிலேயே எடுங்கள். 120இல் எடுத்திருந்தால் தேவையான 125இல் 120 எங்கள் கையில் இருந்திருக்கும். 240இல் ஒரு பிரேமுக்கு 3 சென்றிமீற்றர்தான் இடைவெளி. ஸ்டாண்டில், கோட்டுக்கு நேரே வையுங்கள். மண்டபத்துக்குள் இந்த வேகம் வேண்டாம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும், படம் துடிக்கும்.

எடிட் பண்ணும்போது: பல போன்கள் 30 என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்து எடுக்கும். சத்தமும் வாயசைவும் போகப்போக விலகுவது அதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். புரொஜெக்டின் வேகத்தை எடுத்த வீடியோவின் வேகத்துக்குச் சமமாக வையுங்கள். 30ஐ 25இல் போட்டால் செக்கனுக்கு ஐந்து பிரேம் காணாமல் போகும், ஓட்டம் தட்டுத்தடுமாறும். பழைய கணினி இழுக்காவிட்டால் ஷொட்கட், கேடென்லைவ் இரண்டிலும் புரொக்சி வசதி உண்டு. சிறிய பிரதியில் எடிட் பண்ணலாம், வெளியே வருவது பெரியதிலிருந்து. இரண்டும் இலவசம். கிரேக் பண்ணிய மென்பொருள் தேவையே இல்லை. அது இடையில் நின்றால் யாரிடமும் கேட்கவும் முடியாது, உரிமையில்லாததைப் பயன்படுத்திக்கொண்டு பிள்ளைகளுக்கு நேர்மை படிப்பிக்கவும் முடியாது.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது: 90 வீதத்தில் வந்து நின்றால் முதலில் டிஸ்கில் இடமிருக்கிறதா பாருங்கள். நேரே பென்டிரைவுக்கு எக்ஸ்போர்ட் பண்ணாதீர்கள்; பழைய முறையில் ஃபோர்மட் செய்த பென், 4 கிகாபைட்டுக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் இருக்கும் துண்டுதான் வில்லங்கம், அநேகமாக ஸ்லோமோஷன் துண்டு. அதை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் பண்ணி, திரும்ப டைம்லைனில் வையுங்கள். எச்.264, 1080, செக்கனுக்கு 10 மெகாபிட் போதும். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 மெகாபைட் வரும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மீண்டும் நசுக்கும், டொக்கியுமெண்டாக அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த மூல வீடியோவை அழிக்காதீர்கள். எங்களிடம் அது இருந்தபடியால்தான் எங்கள் பிழையை நாங்களே பிடித்தோம்.

இது ஒரு 100 மீற்றர் கதை மட்டுமல்ல. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் பகுதி இது. சந்தையில் இரண்டு பேர் தள்ளுப்படும் பத்து செக்கன் காட்சியை மெதுவாக்கி, இசை போட்டு, முன்னும் பின்னும் வெட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எங்கள் தமிழ் சொல்கிறது. இரண்டையும் வகுப்பில் படிப்பித்துவிட்டு இரவில் போனில் மறந்தவர்கள் நாங்கள்.

வீடியோவை நீக்கினோம். காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், கோட்டைத் தாண்டிய அந்த இரண்டு பிரேம்களையும் புரொஜெக்டரில் காட்டி, எங்கள் பிழையைச் சொன்னோம். நீல இல்லப் பிள்ளைதான் முதலில் கைதட்டியது. சிவப்பு இல்லப் பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில்: "மகள், கோட்டுக்கு நேரே இருந்து பார்த்தவங்க உங்களத்தான் சொன்னாங்க. எங்கட கமரா அதப் பார்க்கவே இல்ல." அந்தத் தாய்க்கும் குரல்பதிவில் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் நாங்கள் நீக்க முன்னர் இறக்கி வைத்தவர்களின் போன்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை எங்களால் திருப்பி எடுக்க முடியாது. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

அடுத்த வருடம் கோட்டுக்கு நேரே ஸ்டாண்டில் ஒரு போன் நிற்கும், 240இல். அது நடுவருக்கு உதவிக்கு, முகநூலுக்கு அல்ல.

இந்தப் பதிவைப் பகிர்கிறவர்கள் முழுதாகப் பகிருங்கள். வெட்டிப் பகிர வேண்டாம்.