சுவரிலிருந்து தொடங்குங்கள்



மடிக்கணினி என்பது இன்று நம் வீடுகளில் ஆடம்பரப் பொருளன்று. கல்லூரி செல்லும் பிள்ளையின் பாடமும், வேலை தேடும் இளைஞனின் விண்ணப்பமும், வளைகுடாவில் உழைக்கும் அத்தாவின் முகமும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கணினி அவ்வாறு கிடைத்ததுதான். அவற்றுள் பல இன்று பரண்மீது கிடக்கின்றன. ஏன் என்று கேட்டால், "பேட்டரி மவுத்தாகிவிட்டது, சார்ஜே ஏறவில்லை" என்பார்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மவுத்தானது பேட்டரிதான் என்று முடிவு கட்டியவர் யார்? எதை வைத்து முடிவு கட்டினார்?

சற்றுச் சிந்தியுங்கள். மின்சாரம் பேட்டரியை வந்தடையுமுன் ஐந்து இடங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. சுவரில் உள்ள பிளக் துளை, கம்பி, சார்ஜர், கணினியின் பக்கவாட்டில் உள்ள சார்ஜ் துளை, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை அந்த ஐந்து. ஆறாவது இடத்தில்தான் பேட்டரி இருக்கிறது. ஐந்து பேரை விசாரிக்காமல் ஆறாமவருக்குத் தண்டனை வழங்குவது நீதியாகுமா?

திருவொற்றியூரில் ஒரு சகோதரி, கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கிறார். செமஸ்டர் தேர்வு நெருங்கும் வேளையில் மகளின் மடிக்கணினி நின்றுவிட்டது. காட்டிய முதல் கடையில் புதிய பேட்டரிக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். அந்தத் தாய்க்கு அது ஒரு மாத வாடகையில் பெரும் பகுதி. உறவுக்காரப் பையன் ஒருவன் தன் கல்லூரி நண்பனிடமிருந்து அதே வகைச் சார்ஜரை இரவல் வாங்கி வந்து செருகினான். கணினி உயிர் பெற்றது. பழுதாகியிருந்தது பேட்டரியன்று, சார்ஜரின் கழுத்தில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்துபோன கம்பி. ஒரு மாத வாடகையைக் காப்பாற்றியது ஐந்து நிமிடச் சோதனை.

அந்தச் சோதனையை நீங்களும் வரிசையாகச் செய்யலாம். செலவில்லாததை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சுவர். அதே பிளக் துளையில் ஒரு மேசை விளக்கையோ கைப்பேசிச் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். நம் பகுதி கடலோரம். உப்புக் காற்று பித்தளை முனைகளில் பச்சை பூக்கச் செய்யும், பிடிப்பும் தளரும். பிளக்கைக் கழற்றிய பின்னர் முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். நீட்டிப்புப் பலகையைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். வோல்டேஜ் குறைவதால் சார்ஜ் ஏறவில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான மடிக்கணினிச் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும் வகையில் செய்யப்பட்டவை. ஆகவே குறைந்த வோல்டேஜைவிடத் தளர்ந்த பிளக்கே பெரும்பாலும் குற்றவாளி.

இரண்டாவது, சார்ஜர். அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில், எடுத்துக்காட்டாக, 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். கணினி 65 வாட் கேட்கும்போது, முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொரு கணினியின் சிறிய சார்ஜரைச் செருகினால், ஒன்று சார்ஜ் ஏறாது. அல்லது எறும்பு ஊர்வதுபோல் ஏறும். புதிய கணினிகளில் கைப்பேசிக்குரிய அதே 'டைப் சி' துளை இருப்பதால் இந்தக் குழப்பம் மிகுதி. கைப்பேசியின் 18 வாட் சார்ஜர் ஒரு மடிக்கணினியின் பசிக்குப் போதாது.

டெல், எச்.பி. நிறுவனங்களின் வட்டமுனைச் சார்ஜர்கள் பலவற்றில் நடுவே ஊசி போன்ற மெல்லிய முனை ஒன்று உண்டு. தான் எத்தகைய சார்ஜர் என்ற அடையாளத்தைக் கணினிக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அது வளைந்தாலோ முறிந்தாலோ, கணினி ஓடும். பேட்டரியில் மட்டும் சார்ஜ் ஏறாது. பேட்டரியே பழுது என்று எளிதில் ஏமாறச் செய்யும் நிலை இது.

மூன்றாவது, துளை. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, டார்ச் விளக்கு அடித்து உள்ளே பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் பல்குத்தும் மரக்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, பின் போன்ற உலோகம் எதுவும் கூடாது. செருகிய முனையை அசைத்தால் விளக்கு மின்னி மின்னி அணைகிறதா? அப்படியானால் துளையின் பற்றவைப்பு விட்டிருக்கலாம். அது பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை.

நான்காவது, கணினியின் உள்ளமைப்பு. 60 அல்லது 80 விழுக்காட்டில் சார்ஜ் நின்றுவிடுகிறது என்றால் பதற வேண்டாம். பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதற்காக லெனோவா, ஏசஸ் போன்ற நிறுவனங்கள் அவ்வாறு நிறுத்தும் ஏற்பாட்டைக் கணினியிலேயே வைத்திருக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் செயலியில் அதை மாற்றிக்கொள்ளலாம். மற்றொன்று வெப்பம். இவ்வகைப் பேட்டரிகள் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் ஏற்க மறுக்கும். கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், மெத்தைமேல் வைத்த கணினி அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். அணைத்து, ஆறவைத்து, மேசைமீது வைத்துப் பாருங்கள்.

இவற்றிலும் தீரவில்லையா? கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, வெளியே எடுக்கக்கூடிய பேட்டரியாயின் அதையும் எடுத்துவிட்டு, இயக்கு பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, கட்டுப்பாட்டுப் பலகை புதிதாக விழித்தெழும். பல கணினிகள் இதிலேயே குணமடைகின்றன.

இவ்வளவுக்குப் பின்னரே பேட்டரியை விசாரணைக்கு அழைக்க வேண்டும். அதற்கும் சாட்சி கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கணினியின் கட்டளைப் பெட்டியில், பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு இட்டு, பேட்டரி, ரிப்போர்ட் ஆகிய இரு சொற்களையும் இடைவெளியின்றி எழுதிச் செலுத்துங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த வலிமை. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைய வலிமை. முதலாவது 48,000 என்றும் இரண்டாவது 20,000 என்றும் இருந்தால் பேட்டரி மூப்படைந்துவிட்டது, மாற்றுவது நியாயம். சில நூறு முறை முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்கினாலே வலிமை குறைவது இதன் இயல்பு. மாதக்கணக்கில் வெறுமையாகப் பரணில் கிடந்த பேட்டரியும், உள்ளே உள்ள பாதுகாப்புச் சுற்று தடுப்பதால், மீண்டும் சார்ஜ் ஏற்காமல் போகலாம். நெடுநாள் எடுத்துவைப்பதாயின் பாதியளவு சார்ஜோடு வையுங்கள்.

இத்தனை எச்சரிக்கையும் எதற்கு? 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரி, உலகை மாற்றிய பொருள். அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பேட்டரி தவறாக நடத்தப்பட்டால் தீப்பற்றும். 2006இல், சோனி தயாரித்த பேட்டரிகளில் தீப்பிடிக்கும் அபாயம் தெரிந்ததால், டெல் நிறுவனம் ஏறத்தாழ 41 இலட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. பெயர் பெற்ற நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், பெயரற்ற மலிவுப் பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கினாலும், கணினியின் மாடல் எண்ணைக் காட்டி, உத்தரவாதமும் ரசீதும் பெற்று வாங்குங்கள்.

இரண்டு நிலைகளில் மட்டும் மேற்சொன்ன சோதனை எதையும் செய்யாதீர்கள். ஒன்று, பேட்டரி உப்பியிருத்தல். விசைப்பலகை மேலெழும்பினாலோ, அடிப்பலகை பிதுங்கினாலோ, உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே அணையுங்கள். சார்ஜ் ஏற்றாதீர்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டா. துணி, காகிதம், அடுப்பு அருகில் இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் சேருங்கள். இரண்டு, வெள்ளத்தில் நனைந்த கணினி. 2015 டிசம்பர் மழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்து எண்ணூருக்குள் புகுந்த நீரையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய நீர் புகுந்த கருவியை, வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சார்ஜில் போடக்கூடாது. புகை கண்டால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கழித்த பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் தீயும் புகையும் வடசென்னை அறியாதவை அல்ல. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்திருக்கின்றன. புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு இன்னும் ஒரு வார்த்தை. படித்துக்கொண்டே உறங்கிவிடும் பிள்ளையின் தலைமாட்டில், மெத்தைமேல், சார்ஜில் கிடக்கும் கணினியை இரவு படுக்கும் முன் எடுத்து மேசையில் வையுங்கள், சுவிட்சையும் அணையுங்கள். வீண் விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பழுதில்லாத பொருளைப் பழுதென்று எறிவதும் விரயமே. ஆகவே இந்த வாரம் பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினியைக் கீழே இறக்குங்கள். உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், சுவரிலிருந்து தொடங்குங்கள்.