ஆய்வுக்கூடமும் தாய்மொழியும்

தமிழ் பயிலும் மாணவன் நுண்ணுயிரியலைப் பற்றி எழுதப் புகுவது கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சோதனைக் குழாய்க்குத் தமிழ் எதற்கென அவர்கள் வினவுவர். அவ்வினாவிற்கு விடையாக, நம் நகரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

எய்ட்ஸ் நோய் நம் நாட்டிற்கு வாராதென்று பலரும் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்பார், தம் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் தூண்டுதலால், காப்பு இல்லத்துப் பெண்களிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். கையுறையும் இல்லை, மாதிரிகளை வைத்தற்கு அவர்தம் வீட்டுக் குளிர்பெட்டியே உதவிற்று. 1986 பெப்ரவரியில் அவை இரயிலில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறங் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி உண்டென்பது அன்று வெளிப்பட்டது.

அம்மாணவியின் துணிவு போற்றற்குரியது, ஐயமில்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எய்ட்ஸ் நோய்க்கான சோதனை என்று அப்பெண்களுக்குக் கூறப்படவில்லை. வேறு பால்வினை நோய்க்கான சோதனை என்றே அவர்கள் கருதினர். அக்கால நிலையை நினையுங்கால் ஒருவரையும் குறைகூறுதல் தகாது. ஆயின், நோயை அறிந்தது நாடு. தம் குருதி எதற்கென அறியாதிருந்தோர் அப்பெண்கள்.

பேராசிரியை சுனிதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சோதனையோடு ஆலோசனையும் அளித்தல் அதன் பணியாயிற்று. 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டமோ, பொதுவாக ஒருவரது இசைவின்றி அச்சோதனை செய்யலாகாதெனவும், அவருக்கு விளங்கும் மொழியிலேயே விளக்கம் கூறி அவ்விசைவைப் பெறுதல் வேண்டுமெனவும் விதிக்கின்றது. விளங்கும் மொழி எனின், நம் மக்களுட் பெரும்பாலார்க்குத் தமிழன்றோ?

பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்திலிருக்க, இதற்குப் பொழுதேது எனச் சிலர் கூறலாம். கலைச்சொற்களை மாற்றுக என யான் கேட்கவில்லை. குருதி எதற்கு எடுக்கப்படுகின்றது, முடிவு எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பவற்றை ஒரு முதியவளுக்குத் தெளிவாய்ச் சொல்லுந் திறனும் செய்முறைப் பயிற்சியில் ஒரு பகுதியாதல் வேண்டும் என்பதே என் கருத்து. மயிலையிலும் அடையாற்றிலும் நாளை ஆய்வுக்கூடப் பணி ஏற்கவிருக்கும் அறிவியல் மாணவ நண்பர்காள்! இதற்குத் துணைசெய்யத் தமிழ் மாணவராகிய யாங்கள் ஆயத்தமாயுள்ளோம். குழாயின்மேல் ஒட்டியிருப்பது எண். அதன் பின்னிருப்பவரோ நம்மைப்போன்ற மனிதர்.