விற்றவர் கடமை எதுவரை?



பித்தளை விளக்கு ஒன்றை விலைக்கு வாங்குகிறோம். பணத்தைக் கொடுத்து விளக்கைக் கையில் பெற்றதும் விற்றவருக்கும் நமக்கும் உள்ள கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மறுநாளே அக்கடை மூடப்பட்டாலும் கவலையில்லை. விளக்கை வார்த்தவர் தொழிலைக் கைவிட்டு வேற்றூர் சென்றாலும் கவலையில்லை. எண்ணெயும் திரியும் உள்ளவரை விளக்கு எரியும். நமக்குப் பின் நம் மக்கள் கையிலும் எரியும். விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பழகியிருக்கிறோம்.

இன்றோ வேறு வகைப் பொருளொன்று இல்லங்களில் குடிபுகுந்துவிட்டது. சுவரோரத்தில் சிறு விளக்குகள் மினுமினுக்க வீற்றிருக்கும் வைஃபை பெட்டியைத்தான் சொல்கிறோம். இதற்கு முழு விலையும் கொடுத்த பின்னரும், செய்தவருடைய துணை நமக்குத் தேவைப்படுகிறது. பெட்டிக்குள் ஒரு மென்பொருள் இயங்குகிறது. அதில் ஓட்டை இருப்பதைத் திருடர் கண்டுகொண்டால், அதனை அடைக்கும் புதிய மென்பொருளைச் செய்த நிறுவனமே அனுப்பவேண்டும். அப்பெட்டியோடு இணைந்து விளக்கேற்றவும் கதவைப் பூட்டவும் பயன்படும் கருவிகள் சிலவோ, நாம் இடும் கட்டளையைத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து விடை பெற்ற பின்னரே பணி செய்கின்றன.

அப்படியானால், அந்நிறுவனம் ஒருநாள் "இனி இத்தொழில் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் வாங்கியவர் கதி என்ன? அமெரிக்க நாட்டில் இவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. அங்குள்ள குடும்பங்கள் அடைந்த அனுபவத்தை இத்திங்கள் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம். பெட்டி அவர்கள் நாட்டில் விற்றதாயினும், பாடம் நமக்கும் உரியதே.

1999ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், நியூயார்க் நகரில் நடந்த கணினிக் கண்காட்சி ஒன்றில், ஆப்பிள் நிறுவனத்தை நடத்திவந்த ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மடிக்கணினியைக் கையில் ஏந்தி மேடையில் நடந்தார். கணினித் திரையில் இணையப் பக்கங்கள் மாறி மாறி வந்தன. அதில் கம்பி எதுவும் பொருத்தப்படவில்லை. கூடியிருந்தோர் ஐயம் தீர, ஒரு வளையத்தைக் கணினியைச் சுற்றி நுழைத்துக் காட்டினார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அன்று அறிமுகமானதே ஏர்போர்ட் என்னும் பெட்டி. அதன் விலை 299 டாலர். கம்பியில்லா இணைப்பை வீட்டில் அமைப்பது தொழில்நுட்பம் கற்றவர்க்கே கைவந்த செயலாயிருந்த காலத்தில், சாதாரண மனிதரும் தாமே பொருத்திக்கொள்ளக்கூடியதாய் அது வந்தது.

பின்னர் அக்குடும்பத்தில் வேறு பெட்டிகளும் பிறந்தன. 2004இல் வந்த ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், கணினியிலுள்ள இசையை அடுத்த அறையின் ஒலிபெருக்கிக்குக் கம்பியின்றிக் கொண்டு சென்றது. 2008இல் வந்த டைம் கேப்ஸ்யூல், வீட்டுக் கணினியிலுள்ளவற்றைத் தானே படியெடுத்துத் தன்னுள் சேமித்து வைத்தது. குழந்தைகளின் புகைப்படங்களும் வீட்டுக் கணக்குகளும் கடிதங்களும் அதற்குள் அடைக்கலமாயின. வாங்கியவர்கள் அப்பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு அதை மறந்தே போனார்கள். ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமோ?

2013க்குப் பின் புதிய வகை எதுவும் வரவில்லை. 2016 நவம்பரில், அப்பெட்டிகளை வடிவமைத்த குழுவை ஆப்பிள் கலைத்துவிட்டதென்று செய்தி ஏடுகள் எழுதின. எனினும் பெட்டிகள் கடைகளில் விற்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 2018 ஏப்ரல் 26ஆம் நாள்தான், அத்தொழிலை நிறுத்திவிட்டதாகவும், இருப்பு உள்ளவரை மட்டுமே விற்பதாகவும் ஆப்பிள் அறிவித்தது. இடைப்பட்ட பதினேழு மாதங்களில் அதை வாங்கியவர் மனம் எப்படியிருக்கும்? முடிவை நெருங்கிய பொருளை, முழு விலைக்கு, முடிவு தெரியாமலே வாங்கியிருக்கிறார். அவர் கொண்ட மனத்தாங்கலில் நியாயம் இருந்தது.

ஆயினும் நடுநிலை தவறாது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அறிவிப்பு வந்த அன்று ஒரு பெட்டியும் அணைந்துவிடவில்லை. இறுதியாக வந்த வகைகளுக்கு ஐந்தாண்டுக் காலம் பழுதுபார்க்கும் வசதி உண்டென்று நிறுவனம் கூறியது. 2018 ஆகஸ்டில், விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும், 2012இல் வெளிவந்த ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் வகைக்குப் புதியதொரு திறனைத் தரும் மென்பொருளை அனுப்பியது. 2019இல் பாதுகாப்புக் குறைகளைக் களையும் மென்பொருளும் வந்தது. தொழிலை விட்டபோதிலும், விற்ற பொருளை உடனே கைவிடவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். ஏனெனில் அடுத்து நாம் காண இருப்பது இதற்கு நேர்மாறானது.

கொலராடோ மாநிலத்தில் ரிவால்வ் என்றொரு சிறு நிறுவனம் இருந்தது. வீட்டு விளக்குகள், பூட்டுகள், வெப்பமானிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து, கைபேசியிலிருந்தே இயக்கவல்ல மையப் பெட்டி ஒன்றை ஏறத்தாழ 300 டாலருக்கு விற்றது. "வாழ்நாள் முழுவதும் சந்தா உண்டு, தனிக் கட்டணம் இல்லை" என்பது அதன் வாக்குறுதி. 2014 அக்டோபரில் அந்நிறுவனத்தை, கூகுளுக்கு உரிமையான நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. பெட்டியின் விற்பனை நின்றது. 2016 மே 15ஆம் நாளோடு சர்வரை நிறுத்துவதாகவும், அதன்பின் பெட்டியோ அதற்குரிய செயலியோ இயங்காதென்றும் அறிவிப்பு வந்தது.

இங்கே பழுதான பெட்டி ஒன்றுமில்லை. நெருப்பு எரித்ததுமில்லை, நீர் அழித்ததுமில்லை. நன்றாய் இயங்கிக்கொண்டிருந்த பொருள், அதன் உரிமையாளர் வீட்டு அலமாரியிலேயே, எங்கோ இருந்த மற்றொருவருடைய முடிவினால் உயிரற்றதாயிற்று. "வாழ்நாள்" என்று எழுதினார்களே, அது யாருடைய வாழ்நாள்? வாங்கியவருடையதா, பெட்டியினுடையதா, விற்றவருடைய விருப்பத்தினுடையதா? திருமணப் பீடத்தின் முன் "வாழ்நாள் எல்லாம்" என்று இருவர் சொல்லக் கேட்ட நமக்கு, அச்சொல்லை விளம்பரத் தாளில் அத்துணை எளிதாய் எழுதுவது உறுத்துகிறது.

மக்கள் குரல் எழுப்பினர். வாணிப முறைகேடுகளை விசாரிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதனைக் கருத்தில் எடுத்துக்கொண்டது. விற்ற பெட்டிகள் சிலவே என்பதனையும், வாங்கியவர்க்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர நெஸ்ட் முன்வந்ததனையும் கணக்கிற்கொண்டு, 2016 ஜூலையில் மேல் நடவடிக்கையின்றி விசாரணையை முடித்தது. பணம் திரும்பக் கிடைத்தது நன்றே. எனினும் குரல் எழாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் நம்மைவிட்டு அகலவில்லை.

அறிவிப்பேனும் வந்ததே என்று ரிவால்வ் வாங்கியோர் ஆறுதல் கொள்ளலாம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த இன்ஸ்டியான் நிறுவனத்தின் பொருள்களை வாங்கியோர்க்கு அதுவும் கிட்டவில்லை. 2022 ஏப்ரல் மாத நடுவில் அதன் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி மௌனமாயின. செயலி வேலை செய்யவில்லை. அடுத்து நடந்ததோ எவரும் எதிர்பாராதது. அப்பொருள்களைப் பயன்படுத்திவந்தவர்களுள் ஒரு சிறு குழுவினர் தாமே ஒன்று சேர்ந்து அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சர்வர்களை மீண்டும் இயக்கினர். தொடர்ந்து நடத்தப் பணம் வேண்டுமாதலால், பின்னர் பயன்படுத்துவோரிடம் சந்தாவும் பெற்றனர்.

இச்சந்தா நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. சர்வருக்கு மின்சாரம் வேண்டும். அதைக் காப்போர்க்குக் கூலி வேண்டும். ஒருமுறை பெற்ற விலையைக்கொண்டு என்றென்றும் பணி செய்யுமாறு எவரையும் கேட்பது நீதியன்று. எனவே தொழிலை நிறுத்துவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. எப்படி நிறுத்துகிறார் என்பதே கேள்வி. முடிவு இன்ன நாளென்று விற்கும்போதே சொல்லியிருக்கலாம். சர்வர் இல்லாமலும் ஓரளவு இயங்குமாறு பொருளைச் செய்திருக்கலாம். அதுவும் இயலாதாயின், பொருளின் சாவியை வாங்கியவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம்.

சாவியைக் கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்போர்க்கு ஒரு சான்று உண்டு. 2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் நீலமும் கறுப்பும் கலந்த ஒரு வைஃபை பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மென்பொருள், லினக்ஸ் என்னும் பொதுவுடைமை மென்பொருளின்மீது கட்டப்பட்டது. அதைப் பயன்படுத்தி விற்போர் அதன் மூல நிரலையும் பிறர்க்கு வழங்கவேண்டுமென்பது அதன் உரிம விதி. அறிந்தோர் இதனைச் சுட்டிக்காட்டவே, 2003இல் நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் பிறந்தது. பல நாட்டுத் தன்னார்வலர் இன்றும் அதனைப் பேணி வருகின்றனர். செய்த நிறுவனங்கள் மறந்துவிட்ட பல்வேறு பெட்டிகள் அதனால் புது மென்பொருள் பெற்று வாழ்கின்றன. ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுத் திறந்த கதவு, ஆயிரமாயிரம் பெட்டிகளுக்கு ஆயுளை நீட்டித்தது!

கைவிடப்பட்ட பெட்டியால் வரும் தீங்கு, வாங்கியவரோடு நிற்பதுமில்லை. 2025 மே மாதம் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை விடுத்தது. நிறுவனங்களின் ஆதரவு முடிந்துபோன பழைய ரௌட்டர்களுக்குள் தீயோர் புகுந்து, அவற்றின் வழியாகத் தம் குற்றங்களை மறைத்துச் செய்கின்றனர் என்பதே அது. தம் வீட்டுப் பெட்டி திருடனுக்கு முகமூடியாவதை அறியாமலே ஒரு குடும்பம் நிம்மதியாய் உறங்கியிருக்கக்கூடும்.

சட்டமும் மெல்ல விழித்துக்கொள்கிறது. இத்தகைய கருவிகளுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு மென்பொருள் வழங்கப்படும் என்பதை விற்போர் வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும் என்னும் விதி, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டமோ, பொருளின் பயன்பாட்டுக் காலமே குறைவானதாய் இருந்தாலன்றி, குறைந்தது ஐந்தாண்டு ஆதரவு வேண்டும் என்கிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் செயற்படவேண்டும்.

சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். குடும்பத் தலைவரும் தலைவியும் செய்யத்தக்கவையும் சில உள. புதிய பெட்டி வாங்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் கேளாமல், "இதற்கு எந்த ஆண்டுவரை மென்பொருள் தருவீர்கள்? நிறுவனத்தின் சர்வர் இல்லாவிட்டாலும் இது இயங்குமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விடை அறியாதிருக்கலாம். கேட்போர் பலரானால் அறிந்துகொள்வார். இணைப்புத் தரும் நிறுவனமே பெட்டியையும் தந்திருந்தால், அது இன்னும் ஆதரவில் உள்ளதா என்று அவர்களையே கேட்கலாம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். ஆதரவு முடிந்த பெட்டியை, "இன்னும் எரிகிறதே" என்று ஆண்டுக்கணக்கில் வைத்திராதீர்கள். அகற்றும்போது அதிலுள்ள விவரங்களை அழித்து, குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் சேருங்கள்.

விற்போர்க்கும் ஒரு வார்த்தை. நம் வாசகருள் சிறு கடை நடத்துவோர் உண்டு. தொழில் புரிவோர் உண்டு. மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றும் மக்களைப் பெற்றோரும் உண்டு. ஒரு பொருள் நம் உதவியின்றி இயங்காதென்றால், அதை விற்கும்போது பொருளோடு நம் சொல்லையும் சேர்த்தே விற்கிறோம். பணப்பெட்டியை மூடியதும் பொருளின் கணக்கு முடியலாம். சொல்லின் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. எதுவரை காப்போம் என்பதை முன்னரே மறைக்காமல் சொல்லி, சொன்ன நாள்வரை காத்து, பிரியும்போது வாங்கியவர் இருளில் நில்லாதபடி வழிசெய்துவிட்டுப் பிரிபவரே நேர்மையான வணிகர். அப்படிப்பட்டவர் நாளை வேறு கடை திறந்தாலும், மக்கள் அவரைத் தேடிச் செல்வார்கள்.